ஏஐஎஸ்ஸை அணைத்துவிட்டால் எண்ணெய்க் கப்பல் மறைந்துவிடுமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஈரான் எண்ணெய்க்குத் தடை என்கிறார்கள், ஆனாலும் மாதா மாதம் கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருக்கிறது. டிரான்ஸ்பாண்டரை அணைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்கிறார்கள். அரசாங்கங்களுக்கு உண்மையிலேயே தெரியவில்லையா, தெரிந்தும் விடுகிறார்களா? என் தம்பிக்கு டேங்கரில் வேலை வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் பேசிக்கொண்டிருக்கிறார், அதனால்தான் கேட்கிறேன்."

தெரிகிறது. எந்தக் கப்பல், எந்த வாரம், ஏறக்குறைய எவ்வளவு ஏற்றியது, எந்தக் கடலில் இன்னொரு கப்பலுக்கு மாற்றியது என்பது வரை தெரிகிறது. சில நாள் தாமதமாகத் தெரியும், அளவில் கொஞ்சம் முன்பின் இருக்கும், அவ்வளவுதான். தெரிந்த பிறகு யார் என்ன செய்வது என்பதில்தான் சிக்கல். அதைவிட எனக்குப் பெரிய கவலை, இந்தக் கண்காணிப்பில் கடைசியில் மாட்டுவது உங்கள் தம்பி மாதிரி ஆட்கள்தான் என்பது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் 18 வருடம் டேங்கரில் இருந்தவன். கேடட்டாக ஏறி சீஃப் ஆஃபீசராக இறங்கினேன். இப்போது பாரிமுனைப் பக்கம் ஒரு அலுவலகத்தில் கப்பல்களின் பின்னணியையும் காகிதங்களையும் சரிபார்க்கும் வேலை. தடை இறுகுவதற்கு முன்னால் ஈரானின் கார்க் தீவில் இரண்டு முறை சரக்கு ஏற்றியிருக்கிறேன். அப்போது அது சாதாரண வியாபாரம். ஒரு தடவை ஏற்றியது நம் சென்னைத் துறைமுகத்தின் பாரதி டாக்கில்தான் இறங்கியது, அங்கிருந்து குழாய் வழியாக மணலி சுத்திகரிப்பு ஆலைக்குப் போனது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும், யாருடைய தடை இது? ஈரான் எண்ணெயை வாங்கக் கூடாது என்று ஐ.நா. சொல்லவில்லை. ஐ.நா. தீர்மானங்கள் அணுத் திட்டம், ஏவுகணை, ஆயுதம், குறிப்பிட்ட சில வங்கிகள், ஆட்கள் பற்றியவை. 2025 செப்டம்பர் கடைசியில் பழைய தீர்மானங்களுக்கு மறுபடி உயிர் வந்தபோதும் எண்ணெய் விற்பனைக்கு அவை நேரடித் தடை போடவில்லை. எண்ணெயைக் குறிவைப்பது அமெரிக்கச் சட்டம். 2011 டிசம்பர் 31 அன்று ஒபாமா கையெழுத்திட்ட பாதுகாப்புத் துறைச் சட்டத்தில் 1245 என்று ஒரு பிரிவு உண்டு. ஈரானின் மத்திய வங்கியோடு எண்ணெய்க்காகப் பணம் பரிமாறும் வெளிநாட்டு வங்கி, அமெரிக்க வங்கிகளில் கணக்கு வைத்திருக்க முடியாமல் போகலாம் என்பது அதன் சாரம். டாலர் இல்லாமல் எந்தப் பெரிய வங்கியால் இருக்க முடியும்? அதனால் மும்பையிலும் சியோலிலும் இருப்பவர்கள்கூட அதற்குக் கட்டுப்பட வேண்டியதாயிற்று.

அந்தப் பிரிவில்தான் கண்காணிப்புக்கும் விதை போட்டார்கள். ஈரான் எண்ணெய் இல்லாமலே சந்தையில் போதுமான எண்ணெய் இருக்கிறதா, விலை எப்படி என்று அமெரிக்காவின் எரிசக்தித் தகவல் நிர்வாகம் 60 நாளுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். ஈரானிடம் வாங்குவதை எந்த நாடு கணிசமாகக் குறைத்திருக்கிறதோ அதற்கு 180 நாள் விலக்கு. 2012 ஜூனில் இந்தியாவுக்கு அந்த விலக்கு கிடைத்தது, பிறகு புதுப்பித்துக்கொண்டே போனார்கள். அதாவது அப்போது கண்காணிப்பு என்றால் பெரும்பாலும் கணக்குப் பார்ப்பது. வாங்கும் நாடு தானே சொல்லும், சுங்கக் கணக்கில் இருக்கும், பணமும் தெரிந்த இடத்தில் கிடக்கும். நாம் வாங்கிய எண்ணெய்க்கு ஒரு பங்குப் பணம் ரூபாயாக யூகோ வங்கியில் சேர்ந்தது, ஈரான் அதை வைத்து நம்மிடம் பாஸ்மதியும் தேயிலையும் மருந்தும் வாங்கியது. ஒளிக்க எதுவும் இருக்கவில்லை.

2018 மே மாதம் டிரம்ப் அணு ஒப்பந்தத்திலிருந்து விலகினார். நவம்பர் 5 முதல் எண்ணெய்த் தடை திரும்பியது. இந்தியா உட்பட 8 இடங்களுக்கு ஆறு மாதம் விலக்கு கொடுத்தார்கள், 2019 மே மாதத் தொடக்கத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். சீனாவுக்கு அடுத்தபடியாக ஈரானிடம் அதிகம் வாங்கிக்கொண்டிருந்த நாம் அந்த மாதத்தோடு நிறுத்தினோம். எல்லாம் மாறியது அங்கேதான். அதன் பிறகு யாரும் வாங்கினேன் என்று சொல்வதில்லை. சுங்கக் கணக்கைப் பார்த்துப் பயனில்லை, கப்பலைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, ஏஐஎஸ்ஸுக்கு வருவோம். நீங்கள் டிரான்ஸ்பாண்டர் என்று சொன்னது அதைத்தான், கப்பல் தன் இடத்தைத் தானே அறிவிக்கும் கருவி.

அது உளவு பார்க்க வந்த கருவி இல்லை. இரவிலும் பனியிலும் இரண்டு கப்பல் மோதிக்கொள்ளாமல் இருக்க வந்தது. சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல் எல்லாவற்றிலும் இருக்க வேண்டும் என்பது சோலாஸ் என்ற சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் விதி. ஓடிக்கொண்டிருக்கும்போது சில நொடிக்கு ஒருமுறையும் நங்கூரத்தில் நிற்கும்போது மூன்று நிமிடத்துக்கு ஒருமுறையும் எண், இடம், வேகம், திசை எல்லாவற்றையும் விஎச்எஃப் ரேடியோ அலையில் அனுப்பிக்கொண்டே இருக்கும். கரையில் இருக்கும் ஆன்டெனாவுக்கு சில பத்து மைல் வரைதான் கேட்கும், அதற்கு அப்பால் செயற்கைக்கோள் பிடிக்கிறது. இதை அணைக்க முடியும். கடற்கொள்ளையர் பயம் இருக்கும் இடத்தில் கேப்டன் தன் பொறுப்பில் அணைக்கலாம் என்று விதியே இடம் தருகிறது, சோமாலியா பக்கம் அந்த மோசமான வருடங்களில் அணைப்பதா வேண்டாமா என்று பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில், நாங்களே மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம். அதனால் அணைத்ததாலேயே ஒரு கப்பல் குற்றவாளி ஆகிவிடாது. ஆனால் காலியாக ஓமான் வளைகுடா வரை வந்த டேங்கர் அங்கே திடீரென்று ஊமையாகி, பத்து நாள் கழித்து அதே இடத்தில் 20 மீட்டர் ஆழத்துக்கு அமிழ்ந்தபடி மறுபடி பேச ஆரம்பித்தால், நடுவில் எங்கே போயிருக்கும் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

இது புரிந்ததும் அணைப்பதை விட்டுப் பொய் சொல்ல ஆரம்பித்தார்கள். கப்பல் கார்க்கில் ஏற்றிக்கொண்டிருக்கும், ஏஐஎஸ் மட்டும் அது ஈராக் பக்கமோ ஓமான் பக்கமோ நங்கூரம் போட்டிருப்பதாகச் சொல்லும். இன்னும் துணிந்தவர்கள் குஜராத்தின் அலாங் கடற்கரையில் உடைத்துப்போட்ட ஒரு பழைய கப்பலின் ஐஎம்ஓ எண்ணை, அதாவது பெயர் மாறினாலும் மாறாத அடையாள எண்ணை, எடுத்துத் தங்கள் கப்பலுக்கு மாட்டிக்கொள்கிறார்கள், செத்துப்போன கப்பல் மறுபடி கடலில் ஓடும். ஆனால் பொய் சொல்வது ஊமையாக இருப்பதைவிடச் சுலபமாக மாட்டும். நிஜக் கப்பல் நங்கூரத்தில் நின்றால் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்றபடி சங்கிலியைச் சுற்றி அசையும், தலை திரும்பும். கணினியில் தயாரித்த இடத்தில் அந்த அசைவு சரியாக வராது. அப்புறம், ஏஐஎஸ் சொல்லும் இடத்தை மேலிருந்து படம் எடுத்தால் அங்கே வெறும் தண்ணீர்தான் இருக்கும்.

அந்தப் படம்தான் ஆட்டத்தையே மாற்றியது. ஐரோப்பாவின் சென்டினல் செயற்கைக்கோள்களின் படங்கள் இலவசம், நீங்களும் நானும் பார்க்கலாம். சென்டினல் 1 ரேடாரில் பார்க்கிறது, அதற்கு மேகமும் இரவும் ஒரு பொருட்டே இல்லை. சென்டினல் 2 சாதாரணப் படம் எடுக்கும், அதில் ஒரு புள்ளி 10 மீட்டர். 20 லட்சம் பீப்பாய் கொள்ளும் பெரிய டேங்கர் 330 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம், அதாவது 33-க்கு 6 புள்ளி. அவ்வளவு பெரிய பொருளைத் திறந்த கடலில் எப்படி ஒளிப்பது? காசு கொடுத்தால் தனியார் நிறுவனங்கள் அரை மீட்டர் அளவுக்கும் நுணுக்கமான படம் தருகின்றன. அதில் டெக்கின்மேல் ஓடும் குழாய்கள், கிரேன், ஹெலிகாப்டர் இறங்கும் வட்டம், பெயின்ட் உரிந்த இடம் எல்லாம் தெரியும். பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதினாலும் கப்பலை அடையாளம் கண்டுவிடுவார்கள். மனிதர் முகம் மாதிரிதான், ஒரே கம்பெனி ஒரே வருடத்தில் கட்டிய இரண்டு கப்பலுக்குக்கூடச் சின்ன வித்தியாசம் இருக்கும்.

ஏற்றிய அளவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்றும் நிறைய பேருக்குச் சந்தேகம். ஒரு வழி கப்பலையே பார்ப்பது. காலியான டேங்கர் பத்து மீட்டர் ஆழத்தில் மிதக்கும், அடிப்பக்கச் சிவப்பு பெயின்ட் வெளியே தெரியும். நிறைந்த கப்பல் 20 மீட்டருக்கு மேல் அமிழ்ந்து சிவப்பு முழுக்கத் தண்ணீருக்குள் போய்விடும். இன்னொரு வழி கரையில் இருக்கும் டாங்குகள். ஈரானின் கச்சா எண்ணெய் ஏற்றுமதியில் சுமார் 90 சதவீதம் கார்க் என்ற அந்தச் சின்னத் தீவு வழியாகத்தான் போகிறது. அங்கே நான் பார்த்த பெரிய டாங்குகளுக்கு நிலையான கூரை கிடையாது, ஆவி சேராமல் இருக்கக் கூரையே எண்ணெய் மேல் மிதக்கும். அண்டாவில் தண்ணீர் மேல் ஒரு தட்டு மிதக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொள்ள மொள்ளத் தட்டு இறங்கும், அண்டா விளிம்பின் நிழல் தட்டின்மேல் பிறையாக விழும், தட்டு இறங்க இறங்கப் பிறை தடிக்கும். படம் எடுத்த நேரத்தில் சூரியன் எந்தக் கோணத்தில் இருந்தது என்பது தெரிந்ததே, பிறையின் அகலத்தை அளந்தால் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று வந்துவிடும். போன வாரப் படத்தையும் இந்த வாரப் படத்தையும் வைத்துக் கழித்தால் போனது எவ்வளவு என்று தெரியும். கார்க் ஜெட்டியில் நின்று ஒவ்வொரு டாங்காக நூல் விட்டு அளந்து, கையெழுத்து வாங்கி, பில் ஆஃப் லேடிங் என்ற சரக்குச் சீட்டு தயாரித்தவன் நான். இதே கணக்கை 700 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நிழலை வைத்துப் போடுகிறார்கள் என்று முதலில் கேட்டபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை.

இதெல்லாம் சேர்ந்துதான் அந்த எண்கள் வருகின்றன. 2018 தொடக்கத்தில் நாளுக்குச் சுமார் 25 லட்சம் பீப்பாய் ஏற்றுமதி, 2020 வாக்கில் அது 5 லட்சத்தைச் சுற்றி விழுந்தது, 2023, 2024-ல் மறுபடி 15 லட்சத்தை ஒட்டி வந்துவிட்டது. நாளுக்கு 15 லட்சம் என்றால் மாதத்துக்கு 22, 23 பெரிய டேங்கர். இவ்வளவையும் ஒருவர் கண்ணுக்கும் தெரியாமல் கொண்டுபோக முடியாது. 2024 ஏப்ரலில் அமெரிக்கா இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது, அதன்படி எரிசக்தித் தகவல் நிர்வாகம் ஈரான் எண்ணெய் எவ்வளவு போகிறது, யார் வாங்குகிறார்கள் என்று வருடா வருடம் அறிக்கை தர வேண்டும்.

வாங்குவது யார்? ஏறக்குறைய எல்லாம் சீனா. ஆனால் சீனச் சுங்கக் கணக்கைப் பாருங்கள், 2022-க்குப் பிறகு ஈரான் என்ற வரியே இல்லை. அதே கணக்கில் 2024-ல் மலேசியாவிலிருந்து நாளுக்குப் பத்து லட்சம் பீப்பாய்க்கு மேல் வந்ததாக இருக்கிறது. மலேசியா பூமியிலிருந்து எடுப்பதே அதில் பாதி அளவுதான்! நடுவில் நடப்பது எஸ்டிஎஸ், அதாவது கப்பலுக்குக் கப்பல் மாற்றுவது. ஜோகூருக்குக் கிழக்கே துறைமுக எல்லைக்கு வெளியே ஈரானிலிருந்து வந்த கப்பலும் சீனாவுக்குப் போகும் கப்பலும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, நடுவே பெரிய ரப்பர் ஃபெண்டர்களைப் போட்டு, ஹோஸ் மாட்டி மாற்றுகின்றன. ஒன்றிரண்டு நாள் ஆகும். மேலிருந்து பார்த்தால் ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி தெளிவாகத் தெரியும். எண்ணெயும் தன் ஊரைச் சொல்லிவிடும்: மலேசியாவின் பேர்பெற்ற தாபிஸ் எண்ணெய் இலகுவானது, கந்தகம் மிகக் குறைவு, ஈரான் எண்ணெய் கனமானது, கந்தகம் ஒன்றரை சதவீதத்தைத் தொடும், சில வகையில் அதைத் தாண்டும். மலேசியக் கலவை என்று பெயர் எழுதிக் கந்தகம் நிறைந்த கன எண்ணெய் வந்தால், சோதனைச்சாலையில் இருக்கும் பையனுக்குக்கூடத் தெரியும் அது எங்கிருந்து வந்தது என்று.

அணைத்தால் மறைய முடியுமா என்ற கேள்விக்கு எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது கிரேஸ் 1. 2019 ஜூலை 4 அன்று ஜிப்ரால்டரில் பிரிட்டிஷ் கடற்படை வீரர்கள் இறங்கிப் பிடித்த டேங்கர் அது, சிரியாவுக்கு 21 லட்சம் பீப்பாய் ஈரான் எண்ணெய் கொண்டுபோகிறது என்பது குற்றச்சாட்டு. ஆகஸ்ட் நடுவில் விட்டார்கள். ஆட்ரியன் தர்யா 1 என்று பெயரை மாற்றி, ஈரான் கொடியைப் போட்டுக்கொண்டு மத்தியதரைக் கடலுக்குள் போனது. செப்டம்பர் 2 அன்று ஏஐஎஸ் நின்றது. நான்கே நாளில், சிரியாவின் தார்தூஸுக்குச் சில மைல் தொலைவில் அது நிற்கும் படம் உலகம் முழுக்கச் செய்தியில் வந்துவிட்டது. பிடித்தபோது கைதானவர்கள் நான்கு பேர், கேப்டன் முதல் செகண்ட் ஆஃபீசர் வரை நால்வரும் இந்தியர்கள். அவர்களுக்குப் பிறகு ஜிப்ரால்டரில் பொறுப்பேற்ற புதிய கேப்டனும் இந்தியர்தான், அமெரிக்க வெளியுறவுத் துறை அதிகாரி ஒருவர் அவருக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பினார்: கப்பலை நாங்கள் சொல்லும் இடத்துக்கு ஓட்டி வா, பல மில்லியன் டாலர் தருகிறோம். அவர் போகவில்லை. ஆகஸ்ட் 30 அன்று கப்பலோடு சேர்த்து அவர் பெயரையும் அமெரிக்கத் தடைப் பட்டியலில் போட்டார்கள். சரக்கு அவருடையதில்லை, கப்பல் அவருடையதில்லை, சம்பளத்துக்குக் கப்பல் ஓட்டியவர். நானும் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தவன் என்பதால் இது என்னை இன்றுவரை உறுத்துகிறது.

செயற்கைக்கோளைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள், எனக்கென்னவோ காப்பீட்டுக் காகிதம் அதைவிட வலுவான கண்காணிப்பு என்றுதான் தோன்றுகிறது. இதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. மணலி சுத்திகரிப்பு ஆலை 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்று உருவானபோது மத்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் மூன்றும் கூட்டாளிகள், 74, 13, 13 சதவீதம். ஈரானின் டேரியஸ் எண்ணெயைக் காய்ச்சுவதற்காகவே வடிவமைத்த ஆலை. அமோகோ 1985-ல் விலகிவிட்டது. ஈரான் நிறுவனத்தின் துணை அமைப்பு இன்றும் சுமார் 15 சதவீதப் பங்கோடு இருக்கிறது, பெயர்தான் சென்னை பெட்ரோலியம் என்று மாறிவிட்டது. அப்படிப்பட்ட ஆலை 2018-ல் ஈரான் எண்ணெயை நிறுத்த முடிவெடுத்ததற்கு உடனடிக் காரணம் எந்தக் கடற்படையும் இல்லை. ஈரான் எண்ணெயைக் காய்ச்சும்போது ஏதாவது நேர்ந்தால் பொறுப்பேற்க மாட்டோம் என்று காப்பீட்டு நிறுவனம் புதிய பாலிசிக்கு முன்னால் சொல்லிவிட்டது. காப்பீடு இல்லாமல் சுத்திகரிப்பு ஆலையை யார் ஓட்டுவார்? 2012 ஜூலையில் ஐரோப்பா கப்பல் காப்பீட்டை நிறுத்தியபோதும் இதே கதைதான், அமெரிக்கப் போர்க்கப்பல்களால் ஆகாததை லண்டனில் உட்கார்ந்திருந்த, கப்பல் முதலாளிகள் சேர்ந்து நடத்தும் காப்பீட்டு கிளப்புகள் சில வாரத்தில் செய்தன.

நேரில் ஆள் வைத்துப் பார்த்தால் இன்னும் நன்றாக இருக்காதா என்று கேட்கலாம். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். தொண்ணூறுகளில் தொடங்கிய ஈராக்கின் உணவுக்கு எண்ணெய் திட்டம், அதாவது தடையில் இருந்த ஈராக் எண்ணெய் விற்று உணவும் மருந்தும் வாங்க விட்ட ஏற்பாடு. ஐ.நா.வே நடத்தியது, துறைமுகத்தில் ஐ.நா. நியமித்த ஆய்வாளர்கள், விற்ற பணம் நியூயார்க் வங்கியில் தனிக் கணக்கில். இதைவிட இறுக்கமான ஏற்பாட்டை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் 2001-ல் எசெக்ஸ் என்ற டேங்கர் மினா அல் பக்கர் முனையத்தில் அனுமதித்த அளவை ஏற்றி முடித்து, ஆய்வாளர்கள் கையெழுத்துப் போட்டுப் போன பிறகு, மறுபடி ஹோஸை மாட்டிக் கூடுதலாக ஏற்றியது. ஒரே வருடத்தில் இரண்டு முறை, ஒவ்வொன்றும் இரண்டு லட்சம் பீப்பாய்க்கு மேல். அது எப்படி வெளியே வந்தது என்றால் அந்தக் கப்பலின் கேப்டனே காகிதங்களோடு ஐ.நா.வுக்கு எழுதிச் சொன்னார். எந்தக் கருவியும் கண்டுபிடிக்கவில்லை. அந்தத் திட்டத்தில் நடந்த ஊழல்களைப் பற்றி 2005-ல் வந்த வோல்க்கர் அறிக்கையால் நம் நாட்டில் நட்வர் சிங் வெளியுறவு அமைச்சர் பதவியை இழந்தது பலருக்கு நினைவிருக்கும்.

தெரிந்தும் ஏன் விடுகிறார்கள்? கடலில் பிடித்தால் பதிலடி வருகிறது. சூயஸ் ராஜன் என்ற டேங்கரில் இருந்த 9,80,000 பீப்பாய் ஈரான் எண்ணெயை அமெரிக்கா 2023-ல் டெக்சாஸ் பக்கம் இறக்கிப் பறிமுதல் செய்தது. அதே வருடம் ஏப்ரலில் ஈரான் ஓமான் வளைகுடாவில் அட்வான்டேஜ் ஸ்வீட் என்ற வேறொரு கப்பலைப் பிடித்தது, அதில் இருந்த 24 பேரில் பெரும்பாலானவர்கள் இந்தியர்கள். 2024 ஜனவரியில் பெயர் மாறி வந்த அந்த சூயஸ் ராஜனையே ஈரான் பிடித்துக்கொண்டது. கடலில் பிடிக்காமல் பட்டியலில் போட்டால்? நல்ல பெயருள்ள கம்பெனிகள் பயப்படும். ஆனால் சீனாவின் ஷான்டாங் மாகாணத்தில் இருக்கும் சின்னச் சின்னத் தனியார் ஆலைகளுக்கு டாலர் வியாபாரமே இல்லை, யுவானில் வாங்கி யுவானில் விற்பவர்களுக்குப் பட்டியலைப் பற்றி என்ன கவலை. அதனால்தான் 2025 மார்ச் முதல் கப்பலோடு நிற்காமல் ஆலைகளையும் பட்டியலில் போட ஆரம்பித்தார்கள், கூடவே எண்ணெய் இறக்கும் துறைமுக முனையங்களையும். முனையத்தைத் தொடுவதுதான் உண்மையில் வலிக்கும் என்பது என் கருத்து, ஏனென்றால் அதே முனையத்தைப் பெரிய அரசு நிறுவனங்களும் பயன்படுத்துகின்றன. இதற்கெல்லாம் பின்னால் பெட்ரோல் விலை இருக்கிறது. 15 லட்சம் பீப்பாயை ஒரே நாளில் சந்தையிலிருந்து எடுத்தால் விலை எங்கே போகும் என்று வாஷிங்டனுக்கும் தெரியும், அந்த 60 நாள் அறிக்கையே அந்தப் பயத்தில் பிறந்ததுதான்.

இப்போது உங்கள் தம்பி விஷயம். கண்காணிப்பு எவ்வளவு தூரம் வந்துவிட்டது தெரியுமா, 2025 பிப்ரவரி 24 அன்று அமெரிக்கா வெளியிட்ட பட்டியலில் நான்கு இந்திய நிறுவனங்கள் இருந்தன, அதில் ஒன்று நம் தஞ்சாவூர் முகவரியில் இருந்தது. இந்த ஓட்டத்தில் இருக்கும் கப்பல்கள் பெரும்பாலும் 20 வயதைத் தாண்டியவை. பராமரிப்பு அரைகுறை, கொடி அடிக்கடி மாறும், சில சமயம் கொடியே போலி. 2023 மே 1 அன்று பாப்லோ என்ற 1997-ல் கட்டிய டேங்கர் மலேசியாவுக்குக் கிழக்கே வெடித்தது. டாங்க் காலிதான், உள்ளே இருந்த ஆவி போதுமானதாக இருந்தது. 28 பேரில் 3 பேர் கிடைக்கவில்லை, கப்பலில் இந்தியர்கள் இருந்தார்கள், காப்பீடு யார் என்று யாருக்கும் தெரியவில்லை. 2024 ஜூலையில் சிங்கப்பூர் பக்கம் செரஸ் 1 இன்னொரு டேங்கரோடு மோதித் தீப்பிடித்தது, அதுவும் ஈரான் எண்ணெய் ஓட்டிய கப்பல், மோதிய பிறகு இடத்தைவிட்டு நகர்ந்துபோய் மலேசியக் கடலோரக் காவல்படை தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூரில் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியது நமக்கு மறக்காது. கரையில் பக்கெட்டால் எண்ணெய் அள்ளினார்கள் மீனவர்களும் மாணவர்களும். அந்த இரண்டு கப்பலுக்கும் முதலாளி யார் என்று தெரியும், யாரிடம் நஷ்ட ஈடு கேட்பது என்றும் தெரியும். முதலாளியே இல்லாத ஒரு கப்பல் காசிமேட்டுக்கு எதிரே உடைந்தால் என்ன செய்வோம் என்று யோசித்தால் எனக்குத் தூக்கம் வராது.

தம்பியிடம் கப்பலின் பெயரைக் கேட்காதீர்கள், பெயர் மாறும். ஐஎம்ஓ எண் என்று ஏழு இலக்கம் இருக்கும், அதை ஏஜென்டிடம் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். தர மறுத்தால் அத்தோடு விட்டுவிடலாம். கிடைத்தால் ஈக்வாசிஸ் தளத்தில் இலவசமாகப் பதிந்துகொண்டு அந்த எண்ணைப் போடுங்கள், எந்த வருடம் கட்டியது, முன்னால் என்ன பெயர்கள், எந்தெந்தக் கொடி, எந்த கிளாஸ் (கப்பலின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு), எந்த பி அண்ட் ஐ கிளப் (விபத்து நஷ்ட ஈட்டுக்கான காப்பீடு) எல்லாம் வரும். இரண்டு வருடத்தில் மூன்று பெயர், மூன்று கொடி என்றால் ஏற வேண்டாம். கிளாஸ் விலக்கிக்கொண்டது என்று இருந்தாலும், காப்பீட்டு இடம் காலியாக இருந்தாலும் அதே பதில்தான். அமெரிக்கக் கருவூலத்தின் தடைப் பட்டியலிலும் அதே எண்ணைப் போட்டுத் தேட முடியும், ஒரு நிமிட வேலை. ஏஜென்டுக்கு மாலுமிகளை வேலைக்கு எடுத்து அனுப்ப கப்பல் துறை இயக்குநரகம் தரும் ஆர்பிஎஸ்எல் உரிமம் இருக்கிறதா என்று இயக்குநரகத்தின் தளத்திலேயே பார்க்கலாம். டூரிஸ்ட் விசாவில் போய் இறங்கு, அங்கிருந்து படகில் ஏறி வெளி நங்கூரத்தில் ஜாயின் பண்ணு, சம்பளம் கையில் தருவார்கள் என்று சொன்னால் எவ்வளவு பெரிய தொகையாக இருந்தாலும் வேண்டாம். கைவிடப்பட்டால் ஊருக்கு அனுப்பவும் சம்பளம் தரவும் ஒரு காப்பீட்டுச் சான்றிதழ் கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும், 2017 முதல் அது விதி, அதன் நகலையும் கேட்கச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் பார்க்கத் தெரியவில்லை என்றால் அந்த ஏழு இலக்கத்தை மட்டும் வாங்கி எனக்கு அனுப்புங்கள். ஒரு நாளில் பார்த்துச் சொல்கிறேன், அதுவரை தம்பி எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம், சிடிசி என்ற மாலுமிப் புத்தகத்தையும் பாஸ்போர்ட்டையும் கையைவிட்டுக் கொடுக்க வேண்டாம்.